கோட்டோனுவிலிருந்து ஒரு எல்.பி.: பணம் அனுப்பும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: 1970களின் மேற்கு ஆப்பிரிக்க ஃபங்க் இசையை இதுவரை மறுபதிப்புகளில்தான் கேட்டிருக்கிறேன். ஆர்கெஸ்ட்ர் போலி-ரித்மோ குழு அல்பரிகா ஸ்டோர் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பாடிய எல்.பி. இசைத்தட்டு ஒன்றை, ‘அசல் பதிப்பு, விஜி பிளஸ்’ (ஓரளவு தேய்ந்தாலும் நல்ல நிலை என்னும் தரம்) என்று சொல்லி பெனினிலிருந்து ஒருவர் 150 யூரோவுக்குத் தருகிறார். முன்னட்டை, பின்னட்டை என்று இரண்டே படங்கள் அனுப்பியிருக்கிறார். வாங்கலாமா? வந்த பிறகு எப்படிச் சுத்தம் செய்வது?

பதில்: அட்டைப் படங்களை மட்டும் பார்த்து 150 யூரோ அனுப்பாதீர்கள். இந்த வகைத் தட்டுகளில் ‘அசலா?’ என்பதைவிட ‘இன்னும் நன்றாகப் பாடுமா?’ என்பதுதான் பெரிய கேள்வி. அசலா என்பது சரியான படங்களைக் கேட்டு வாங்கினாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். பாடுமா என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

முதலில் அசல் பற்றி. போலி-ரித்மோ 1968இல் பெனினின் கோட்டோனு நகரில் தொடங்கிய குழு. அந்த நாட்டுக்கு 1975 நவம்பர் 30 வரை தஹோமே என்று பெயர். அதற்குப் பிறகுதான் பெனின். அட்டையில் ‘தஹோமே’ என்றிருந்தால் அது அதற்கு முந்தைய வெளியீடு என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஆனால் மறுபதிப்புகளும் பழைய அட்டையை அப்படியே அச்சிடுகின்றன. லண்டனின் ஆசிட் ஜாஸ் நிறுவனம் அல்பரிகா தட்டுகள் சிலவற்றை முறையாக உரிமம் பெற்று, பழைய அட்டையோடேயே வெளியிட்டிருக்கிறது. ஆகவே அட்டை மட்டும் சாட்சியாகாது.

பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் வரை பளபளப்பான வெற்று வளையம் ஒன்று இருக்கிறதல்லவா, அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் கீறியிருப்பது மேட்ரிக்ஸ் எண், அதாவது அச்சிடும்போது போடும் அடையாள எண். அசலில் இது பெரும்பாலும் லேபிளில் உள்ள பட்டியல் எண்ணாகவே இருக்கும், அல்பரிகாவுக்கு ‘ஏ.எல்.எஸ்.’ என்று தொடங்கும். ஆறு இலக்க எண்ணும் அதையடுத்து ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் இருந்தால் அது செக் நாட்டு ஜி.இசட். ஆலையில் அச்சான இன்றைய தட்டு. ‘எம்.பி.ஓ.’ என்றிருந்தால் பிரான்ஸ் ஆலை. பெனின் குழுவின் தட்டில் ‘நைஜீரியா’ என்று பார்த்துச் சந்தேகப்பட வேண்டாம். அல்பரிகா தட்டுகள் பல நைஜீரியாவில்தான் அச்சாயின.

உரிமமில்லாத நகலைப் பிடிக்க இன்னொரு வழி உண்டு. பழைய பிரதியின் அட்டையை ஸ்கேன் செய்து அச்சிடும்போது, உள்ளே இருந்த தட்டு அழுத்தி உண்டாக்கிய வட்டத் தேய்மானமும் படமாகவே அச்சாகிவிடும். கண்ணுக்குத் தேய்ந்தது போலத் தெரியும். விரலால் தடவினால் வழுவழுவென்று இருக்கும். சிறிய எழுத்துகளின் ஓரங்களும் கசிந்திருக்கும். அட்டையைச் சாய்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு படம் கேளுங்கள்.

இனி முக்கியமான விஷயம். ‘விஜி பிளஸ்’ என்ற தரம் பெரும்பாலும் கண்ணால் பார்த்துப் போடுவது. இந்தத் தட்டுகள் பலவும் கடைகளிலும் பார்களிலும் கொண்டாட்டங்களிலும் கனமான ஊசி வைத்த பிளேயர்களில் ஆண்டுக்கணக்கில் ஓடியவை. ஊசி, தான் ஓடும் பள்ளமான தடத்தின் சுவரையே தேய்த்துவிட்டிருக்கும். மேலே ஒரு கீறல்கூட இல்லாமல், ஒலி மட்டும் கிழிந்து போயிருக்கலாம். நல்ல தட்டு வெளிச்சத்தில் கறுப்பாக மின்னும். தேய்ந்த தட்டின் தடங்களில் சாம்பல் பூத்தது போல ஒரு மங்கல் தெரியும். லேபிளின் நடுத்துளையைச் சுற்றி நரைத்த மெல்லிய கோடுகள் நிறைய இருந்தால், பல நூறு முறை தண்டில் ஏற்றி இறக்கியிருக்கிறார்கள் என்று பொருள்.

ஆகவே ஒவ்வொரு பக்கத்திலும் கடைசி 2 நிமிடத்தைப் போனில் வீடியோவாகப் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். ஏன் கடைசி? நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் வெளி ஓரத்தில் நொடிக்குச் சுமார் 51 செ.மீ. நீளமுள்ள தடம் ஊசியைக் கடக்கிறது. லேபிள் அருகே அது சுமார் 21 செ.மீ.தான். அதே ஒலி பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கிப் பதிந்திருப்பதால், தேய்மானம் முதலில் அங்கேதான் காதில் விழும். டிரம்பெட்டும் சாக்ஸபோனும் சேர்ந்து உச்சத்துக்குப் போகும் இடத்தைக் கவனியுங்கள். அங்கே கரகரவென்று உடைந்தால் அது தேய்மானம். எந்தச் சுத்தமும் அதைத் திருப்பித் தராது. ‘டிக் டிக்’ என்று விட்டு விட்டு வருவது தூசியோ பூஞ்சையோ. அது பெரும்பாலும் போய்விடும். முதலிலிருந்து கடைசி வரை ஒரே சீராக எண்ணெய் கொதிப்பது போன்ற சத்தம் என்றால், பழைய வினைலை அரைத்துக் கலந்து அச்சிட்ட தட்டாக இருக்கலாம். அது பிறவிக் குணம், பழகிக்கொள்ளலாம். வெற்று வளையத்தில் பிளேயரின் ஊசி தாங்கும் கை இடமும் வலமுமாக ஆடினால் துளை மையத்தில் இல்லை, சுருதி அலையும். அதைத் தவிர்த்துவிடுங்கள். லேபிளில் பேனாவால் எழுதிய பெயரோ ரப்பர் ஸ்டாம்போ விலையைக் குறைக்கும், ஒலியைக் குறைக்காது. கேட்பதற்காக வாங்குபவருக்கு அது லாபம்.

விலைக்கு டிஸ்காக்ஸ் என்ற இசைத்தட்டு விற்பனைத் தளத்தில் அதே பதிப்பின் பக்கத்தைத் திறந்து, விற்ற விலைகளின் நடுவிலையைப் பாருங்கள். கேட்கும் விலைகளைப் பார்த்துப் பயனில்லை. மறுபதிப்புக்குத் தனிப் பக்கம் இருக்கும், குழப்பிக்கொள்ளாதீர்கள். பேபாலில் ‘நண்பர்களுக்கு’ என்ற வழியில் பணம் அனுப்பினால் வாங்குபவருக்குப் பாதுகாப்பு கிடையாது. தபால் செலவோடு இங்கே சுங்கவரியும் சேரும் என்று கணக்கில் வையுங்கள். தட்டை அட்டைக்கு வெளியே எடுத்து, தனி உறையில் வைத்து, இருபுறமும் தடித்த அட்டை கொடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உள்ளேயே இருந்தால் வழியில் ஆடி ஆடி அட்டையின் விளிம்பைத் தட்டே கிழித்துவிடும்.

சுத்தம் செய்ய, 800 மி.லி. வாலை வடிநீரில் 200 மி.லி. ஐசோபுரொபைல் ஆல்கஹால் (99 சதவீதம்) கலந்து, புகைப்படக் கடையில் கிடைக்கும் ஈரமூட்டியில் நான்கைந்து சொட்டு விடுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்பு தடத்திலேயே படிந்துவிடும். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்புக்கு எட்டத்தில் செய்யுங்கள். லேபிளின் மை கரையக்கூடும் என்பதால் ஒரு சொட்டும் அதில் படக் கூடாது. லேபிள் மூடி போடுங்கள். முதலில் உலர்ந்த கார்பன் இழை பிரஷ்ஷால் புழுதியைத் தட்டுங்கள். அதை விட்டுவிட்டு நனைத்தால் புழுதி சேறாகித் தடத்துக்குள் இறங்கும். பிறகு கலவையை ஊற்றி, மென்மையான பிரஷ்ஷால் தடத்தின் போக்கிலேயே ஒரு நிமிடம் தேய்த்து, காய்வதற்குள் ஒற்றி எடுத்து, வெறும் வாலை வடிநீரால் இரண்டு முறை அலசுங்கள். அலசாமல் விட்டால் கரைந்த அழுக்கு அங்கேயே காய்ந்து, முன்பைவிட அதிகச் சத்தம் வரும். பூஞ்சை பிடித்த தட்டானால் முகக்கவசம் போட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் இன்னொரு முறை செய்யுங்கள். இந்தக் கலவை வினைலுக்கு மட்டும்தான். 78 வேகத் தட்டின் அரக்கை ஆல்கஹால் கரைத்துவிடும்.

தேய்ந்த தட்டாகவே அமைந்துவிட்டால் ஊசியை மாற்றிப் பாருங்கள். பழைய உருண்டை ஊசிகள் தேய்த்தது சுவரின் ஒரு மட்டத்தை. மெல்லிய முனையுள்ள மைக்ரோலைன் ஊசி வேறு மட்டத்தைத் தொடுவதால், சில தட்டுகளில் ஒலி வியக்கும்படி தெளியும்.

ஒன்றை மனதார யோசியுங்கள். பழைய பிரதிக்கு நீங்கள் கொடுக்கும் 150 யூரோவில் அந்த இசையை வாசித்தவர்களுக்கு ஒரு காசும் போகாது. உரிமம் பெற்ற மறுபதிப்பில்தான் அதற்கு வழி உண்டு. பதிவு தெளிவாக இல்லையென்றால் அசலை விட்டுவிட்டு மறுபதிப்பையே வாங்குங்கள். அனலாக் ஆப்பிரிக்கா என்ற இசைத்தட்டு நிறுவனம் 2008இல் வெளியிட்ட போலி-ரித்மோ தொகுப்பிலிருந்து தொடங்கலாம். பதிவு நன்றாக இருந்தால் தயங்க வேண்டாம். வந்ததும் பழைய காகித உறையைக் கழித்து, பாலிஎத்திலீன் பூசிய புது உறையில் போடுங்கள். பி.வி.சி. உறை நம் ஊர் வெயிலில் தட்டோடு ஒட்டி வெள்ளை படியும்.