கேமரா கேள்வி-பதில்: மங்கலான மேடைக்கு எந்த லென்ஸ்?

கேள்வி: எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் பரதமும் படுகர் நடனமும் தவறாமல் இருக்கும். என்னிடம் நிக்கான் டி3500, அதோடு வந்த 18-55 லென்ஸ். அரங்குக்குள் எடுத்தால் கை கால் எல்லாம் இழுபட்டு விழுகிறது. ஐஎஸ்ஓ-வை (ஒளி உணர்திறனை) கூட்டினால் படம் புள்ளி புள்ளியாகிறது. 55-200 ஜூம் வாங்கலாமா?
- ஆசிரியை, கோத்தகிரி

பதில்: வேண்டாம். அந்த ஜூம் மேடையைக் கிட்டே கொண்டுவரும், வெளிச்சத்தைக் கூட்டாது. உங்கள் 18-55 லென்ஸை 55-க்குத் திருகினால் அப்பர்ச்சர் (ஒளி புகும் துவாரம்) எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. எஃப் எண் குறையக் குறையத் துவாரம் பெரிது. 55-200-ம் கடைசியில் அதே 5.6-தான். எஃப் 1.8 ப்ரைம் (ஜூம் இல்லாத) லென்ஸோ அதைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். இப்போது 1/25 நொடியில் எடுக்கிற காட்சியை, ஐஎஸ்ஓ-வைத் தொடாமலே 1/250-ல் எடுத்துவிடலாம். அடவு ஆடும் கை இழுபடாமல் நிற்க அந்த 1/250 வேண்டும், குதித்தால் 1/500. தீர்மானம் (ஜதியை முடிக்கும் அடவுக் கோவை) முடிந்து அசையாமல் நிற்கும் நொடியில் 1/125-ம் தாங்கும். ஜதி தெரிந்தவருக்கு இது பெரிய வசதி. லென்ஸில் உள்ள விஆர் இதற்கு உதவாது. அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், ஆடுபவரை அல்ல.

எத்தனை மி.மீ. என்பதை நீங்கள் உட்காரும் இடம் முடிவு செய்யட்டும். மேடையிலிருந்து 10 மீட்டரில், கேமராவைப் படுக்கையாகப் பிடித்தால் 35 மி.மீ. லென்ஸில் சுமார் 6.7 மீட்டர் அகலம் அடங்கும். 50-ல் 4.7 மீட்டர், 85-ல் 2.8 மீட்டர். படுகர் நடனம் வட்டம் கட்டி ஆடுவது, அதற்கு 35 சரி. தனி ஆளை நெட்டாகப் பிடிக்க 85. காசு செலவழிக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள்: காலி அரங்கில் உங்கள் இடத்தில் நின்று 18-55-ஐ 35-லும் 50-லும் வைத்து, மேடையில் ஒருவரை நிறுத்தி எடுத்துப் பாருங்கள். 50-லும் ஆள் சிறிதாகத் தெரிந்தால் 85 வாங்குங்கள்.

டி3500-க்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று தனக்குள் மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி வகை 50-ஐ வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். லென்ஸ் மேல் ஏஎஃப்-எஸ் (மோட்டார் உள்ளது) என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று: படுகர் ஆட்டத்துக்கு உடை வெள்ளை, பின்திரை பெரும்பாலும் கறுப்பு. தானியங்கியில் விட்டால் கேமரா கறுப்பைப் பார்த்து ஏமாந்து, வெள்ளையைச் சுண்ணாம்பாக்கிவிடும். எம் (எல்லாவற்றையும் நீங்களே அமைக்கும்) முறைக்கு மாற்றி, 1/250, எஃப் 1.8, ஐஎஸ்ஓ 1600 என்று தொடங்கி, உடையின் மடிப்பு தெரியும் வரை ஐஎஸ்ஓ-வை இறக்கவோ ஏற்றவோ செய்யுங்கள். விளக்கு மாறாதவரை அந்த அளவை மாற்ற வேண்டியதில்லை.

கேள்வி: கிறிஸ்துமஸ் பாடகர் குழுவை என் ஏபிஎஸ்-சி (முழுச்சட்டத்தைவிடச் சின்ன சென்சார் உள்ள) கேமராவில், 85 மி.மீ. எஃப் 1.8-ல் எடுத்தேன். முன்வரிசை தெளிவு, பின்வரிசை மங்கல். சில படங்களில் குறுக்கே கறுப்புப் பட்டை. லென்ஸில் கோளாறா?
- வாசகர், குன்னூர்

பதில்: லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. உங்களுடையது போன்ற ஏபிஎஸ்-சி கேமராவில் 85-ஐ முழுக்கத் திறந்து 5 மீட்டரில் எடுத்தால், முன்னும் பின்னுமாகத் தெளிவு கிடைப்பது கால் மீட்டருக்குத்தான். இரண்டு வரிசை அதில் அடங்காது. 50 மி.மீ., எஃப் 2.8, 8 மீட்டர் தூரம் என்று மாற்றினால் இரண்டரை மீட்டருக்கு மேல் கிடைக்கும். பாடுபவர்கள் ஆடுவதில்லையே, 1/100 போதும்.

அந்த 1/100 பட்டையையும் குறைக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பல குழல் விளக்குகளும் எல்இடிகளும் நொடிக்கு 100 முறை மினுங்கும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிடுங்கள், பட்டை வருவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். மினுக்கத் தடுப்பு வசதி இருந்தால் போடுங்கள். யுவி ஃபில்டரையும் கழற்றுங்கள், மெழுகுவர்த்திச் சுடர் அதில் பட்டுப் படத்தில் இன்னொரு சுடராக விழும்.

கேள்வி: ஃப்ளாஷ்?
- வாசகர், ஊட்டி

பதில்: கூடாது. முன்வரிசைத் தலைகள்தான் பளிச்சென்று விழும், மேடை விளக்கின் நிறமும் போய்விடும். ஃபோகஸுக்காகக் கேமராவில் எரியும் சின்ன விளக்கையும் அணையுங்கள், ஆடுபவர் கண்ணில் அடிக்கும்.

கேள்வி: பனியில் நடந்து அரங்குக்குள் போனதும் லென்ஸ் புகை படிந்தாற்போல ஆகிறது. போன மழைக்காலத்தில் ஒரு லென்ஸில் பூஞ்சையும் வந்துவிட்டது.
- வாசகர், கொடைக்கானல்

பதில்: குளிர்ந்த கண்ணாடியில் கூட்டத்தின் வெதுவெதுப்பான மூச்சுக்காற்று பட்டால் நீர் கோக்கத்தான் செய்யும். துடைத்தால் மறுபடி வரும். வாசலுக்கு வெளியிலேயே கேமராவைக் காற்றுப் புகாத ஜிப் பையில் போட்டு மூடுங்கள். உள்ளே போய் அரை மணி நேரம் கழித்துத் திறங்கள். நீர் பைக்கு வெளியே கோக்கும். லென்ஸை மாற்றும் வேலையையும் அதுவரை தள்ளிப் போடுங்கள்.

பூஞ்சைக்கு ஈரப்பதம்தான் தீனி. கேமரா பைக்குள்ளேயே வைத்து அலமாரியில் பூட்டாதீர்கள், பைத்துணி ஈரத்தைப் பிடித்து வைக்கும். ரப்பர் விளிம்பு உள்ள பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி போதும். 40 முதல் 50 சதவீதத்தில் வையுங்கள். அரிசியில் புதைக்கும் வைத்தியம் வேண்டவே வேண்டாம், தவிட்டுத் தூசி ஃபோகஸ் வளையத்துக்குள் போய்ச் சேரும். வந்துவிட்ட பூஞ்சையைச் சர்வீஸில் எடுக்கலாம், ஆனால் அது மேல்பூச்சை அரித்திருந்தால் தழும்பு போகாது. பழைய லென்ஸ் வாங்கும்போதும் அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே நூல் நூலாகக் கிளைத்துத் தெரிந்தால், விலை எவ்வளவு குறைவென்றாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.