சுவருக்குள் இருக்கும் முனை

அன்புள்ள அண்ணா,

ஊர் கடலூர், திருப்பாதிரிப்புலியூர். சிவில் டிப்ளமோ முடித்து ஆறு வருடமாகப் புது வீடு கட்டும் சைட்டுகளில் சூப்பர்வைசராக இருக்கிறேன். இப்போது பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலைக்கு அழைக்கிறார்கள். புதுச்சேரி, காரைக்கால், கும்பகோணம் என்று ஊர் ஊராகப் போகவேண்டும். மகளுக்கு இரண்டு வயது. "பழசை ஒட்டுப்போடுவதில் என்ன கற்றுக்கொள்ளப் போகிறீர்கள்?" என்கிறார் மாமனார். இந்த வேலையில் இருந்தவர் நீங்கள். போகலாமா?

ச.

அன்புள்ள தம்பி,

போகலாம். ஆனால் ஒரே சமயத்தில் எத்தனை சைட் என்று முதலில் கேளுங்கள். ஒன்றுக்கு மேல் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

புது வீட்டுக்கு பிளான் இருக்கும். பழைய வீட்டில் பூச்சைக் கொத்திய பிறகுதான் என்ன வேலை என்றே தெரியும். அந்த நேரம் நீங்கள் அங்கே நிற்கவேண்டும்.

புதுச்சேரியில் திண்ணையும் முற்றமும் வைத்த ஒரு வீடு. மெட்ராஸ் டெரஸ் கூரை. தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, மேலே சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்பில் குத்தலாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லி கலந்த சுண்ணாம்புக் காரை போட்டிருப்பார்கள். சாரத்தில் ஏறிக் கட்டைகளைத் தட்டினேன். கணீர் என்றது. நல்ல கட்டை என்று குறித்துக்கொண்டு காரைக்கால் சைட்டுக்கு பஸ் ஏறிவிட்டேன். மறுநாள் மேஸ்திரி முட்டுகளை எடுக்க, இரண்டு கட்டைகள் கூரையோடு இறங்கிவிட்டன. சாப்பாட்டு நேரம், கீழே ஆளில்லை. திரும்பி வந்து பார்த்தால், சுவருக்குள் இருந்த முனை ஒரு சாண் நீளத்துக்கு உளுத்திருந்தது. ஸ்குரூடிரைவரை வைத்தேன், டீயில் ஊறிய ரஸ்க்கில் இறங்குவதுபோல இறங்கியது. நான் தட்டியதெல்லாம் நடுவில்தான். மேஸ்திரி மேல் தப்பே இல்லை.

ஈரம் எப்படி வந்தது? வெளிச்சுவரில் எப்போதோ சிமெண்ட் பூசியிருந்தார்கள். சுண்ணாம்புப் பூச்சு, சுவர் குடித்த ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் உள்ளேயே அடைத்துவிடும். கட்டை முனை அந்த ஈரத்திலேயே கிடக்கும். 2014 நவம்பர் மழையில் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சிக் கட்டடமான மேரி இடிந்ததைப் பார்த்தவர்கள் நாம். பழைய சுவரில் தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்று படிக்கத் தெரிந்த ஆட்கள் நம் பக்கம் இன்னும் நிறைய வேண்டும். மாமனாரிடம் இதைச் சொல்லுங்கள்.

அப்புறம் வீடு. தங்கும் அறை, பஸ் செலவு, வார விடுமுறை மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு முதல் சம்பளம் வரைதான் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் யாரும் கூரையைப் பிரிக்கமாட்டார்கள். உள்வேலைதான் நடக்கும். அந்த இரண்டு மாதமும் புதுச்சேரி சைட்டைக் கேட்டு வாங்குங்கள். ஆறு மணிக்கு பஸ் ஏறினால் மகள் தூங்குவதற்குள் வீட்டில் இருக்கலாம்.