ஜெர்மன் பீர் திருவிழா நடக்கும் நாட்களில் ஊட்டியில் ஒரே மாலையில் நாலு பப் ஏறி இறங்க முடியுமா?

போகலாம், ஆனால் முதலில் காலண்டரைப் பாருங்கள். அக்டோபர் 2 காந்தி ஜெயந்தி, தமிழ்நாடு முழுக்க மதுக்கடையும் பாரும் மூடியிருக்கும். நீங்களும் பெங்களூரிலிருந்துதான் கிளம்புகிறீர்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் என் நண்பர்கள் நாலு பேரும் இதே திட்டத்தோடுதான் அங்கிருந்து வந்தார்கள்.

வந்தது 1-ஆம் தேதி சாயங்காலம். வழி நெடுக ஒருத்தன் அந்த மியூனிக் பீர் திருவிழாவின் கதை சொல்லிக்கொண்டே வந்தானாம்: 1810-ல் இளவரசர் கல்யாணத்தில் தொடங்கியது, செப்டம்பரிலேயே ஆரம்பித்துவிடும், அது இது என்று. இத்தனை தெரிந்தவனுக்கு மறுநாள் டிரை டே என்பது மட்டும் தெரியவில்லை. நான் சொன்னதும் நாலு நாள் கொண்டாட்டத்தை அன்று ஒரு ராத்திரியிலேயே முடித்துவிட வேண்டும் என்று பறந்தார்கள்.

சேரிங் கிராஸ் பக்கம் ஒரு ஓட்டல் பார். இங்கே பப் என்று போர்டு மாட்டியிருந்தாலும் உள்ளே அது ஓட்டல் பார்தான், அங்கேயே காய்ச்சி ஊற்றும் பெங்களூரு சமாசாரம் எல்லாம் கிடையாது. மறுநாள் லீவு என்பதால் நிற்கக்கூட இடமில்லை. வெளியே தூறல், உள்ளே ஐஸ் மாதிரி பீர். ஒருத்தன் குல்லாவும் கையுறையும் போட்டுக்கொண்டு டம்ளரைப் பிடித்தபடி பல் தந்தியடிக்க 'சியர்ஸ்' சொன்னான். இரண்டாவது இடத்தில் கிச்சன் மூடிவிட்டார்கள், மூன்றாவதில் லாஸ்ட் ஆர்டர் முடிந்துவிட்டது. அவ்வளவுதான் எங்கள் பப் ஊர்வலம். அன்றைக்கு உருப்படியாகக் கிடைத்தது முதல் கடையின் முட்டைப் பொடிமாஸ் ஒன்றுதான், மிளகு தூக்கலாக.

குடியை வளர்க்கிறேன் என்று கமெண்டில் கிளம்பிவிடாதீர்கள். வண்டி ஓட்டியது நான், அன்று நான் குடித்தது இரண்டு டீ. ஊட்டியில் பீருக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒன்று: 1915-ல் தாமஸ் லீஷ்மேன் ஐந்து பீர் ஆலைகளைச் சேர்த்து, இன்றைக்கு கிங்ஃபிஷர் பீர் தயாரிக்கும் பெங்களூரு கம்பெனியான யுனைடெட் புருவரீஸைத் தொடங்கினாரே, அதில் ஒன்று நீலகிரி ஆலை. பெங்களூருக்காரர்கள் ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம்.

என் கோபம் வேறு. மூன்றாவது பாருக்குப் போவதற்கு முன்னாலேயே, டாஸ்மாக் கடை பத்து மணிக்கு மூடிவிடும் என்று ஓடிப்போய் மறுநாளுக்கு ஒன்பது பாட்டில் வாங்கினார்கள். பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதல், காலி பாட்டிலைக் கொடுத்தால் திரும்ப வந்துவிடும். காட்டில் உடைந்து கிடக்கும் பாட்டில் யானையின் காலைக் கிழிக்கிறது என்று ஹைகோர்ட் தலையிட்ட பிறகு, 2022 மே மாதம் எங்கள் மாவட்டத்தில்தான் இதை முதலில் கொண்டுவந்தார்கள். அதை விளக்கிச் சொல்லி வாய் மூடவில்லை, எமரால்டு கிராமத்துக்குப் போகிற வழியில் ஒருத்தன் கார் கண்ணாடியை இறக்கி ஒரு பாட்டிலை வீசினான். வண்டியை நிறுத்தித் திட்டினேன். "பத்து ரூபாய்க்கா மச்சான் இவ்வளவு கத்துறே" என்கிறான். ரூபாயா விஷயம்? எங்கள் தெருவுக்கே காட்டெருமை வந்துபோகிறது. டார்ச் அடித்துத் தேடினால் புதருக்குள் கண்ணாடிச் சில்லுதான் கிடந்தது, கையால் பொறுக்கினேன்.

மீதி எட்டு பாட்டிலையும் காலி பண்ணி டிக்கியிலேயே விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். 3-ஆம் தேதி நான்தான் பையில் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். எண்பது ரூபாய் வந்தது. வர்க்கி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன், அவர்களிடம் சொல்லவில்லை.