கள்ளக்குரல் என்றொரு பழி

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘தி ஸ்டைலிஸ்டிக்ஸ்’ என்ற அமெரிக்கக் கறுப்பின சோல் இசைக் குழுவின் முதல் ஆல்பத்தை (1971) நீங்கள் சொன்னதற்காகக் கேட்டேன். ஐந்து பேர் கொண்ட குழு என்கிறார்கள். காதில் விழுவதோ பெரும்பாலும் ஒருவர் குரல். ஓர் ஆண் ஆல்பம் முழுவதும் இயல்பான குரலை விட்டு, மெலிந்து ஏறும் கள்ளக்குரலில் பாடுவதும் எனக்கு ஒட்டவில்லை. சோல் இசையை வேறு எங்கிருந்து தொடங்கலாம்?

கே.

அன்புள்ள கே.,

வேறெங்கும் போக வேண்டாம், இதையே இன்னும் நான்கு முறை கேளுங்கள். ஐந்து பேர் கணக்கையும் விட்டுவிடுங்கள். பிலடெல்பியாவில் பள்ளிப் பிள்ளைகளின் இரண்டு குழுக்களிலிருந்து 1968இல் சேர்ந்தவர்கள் அவர்கள். தயாரிப்பாளர் தாம் பெல்லுக்கு முதலில் அவர்கள்மீது நம்பிக்கை பிறக்கவில்லை. முன்னணிப் பாடகர் ரஸல் தாம்ப்கின்ஸின் குரலுக்காகவே ஒப்புக்கொண்டார், ஆகவே அந்தக் குரலைச் சுற்றியே எல்லாவற்றையும் அமைத்தார்.

ஆனால் ‘கள்ளக்குரல்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நான் விடுவதாக இல்லை.

எனக்குப் பதினான்கு வயதில், பள்ளி விழாவுக்கான பயிற்சியில், மேல் ஸ்தாயியை எட்டும்போது என் குரல் தானாக மெலிந்து ஏறியது. பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர் ஆர்மோனியத்தின் துருத்தியை அப்படியே அமுக்கிப் பிடித்து நிறுத்திவிட்டு, அத்தனை பிள்ளைகள் முன்னால் இதே சொல்லைச் சொன்னார். அதன்பிறகு நான் பிறர் கேட்கப் பாடியதே இல்லை. எதைத் திருடினேன் என்று வெகுகாலம் எனக்கு விளங்கவில்லை.

இத்தாலியர்களும் பொய் என்ற பொருளில்தான் இதற்கு ஃபால்செட்டோ என்று பெயர் வைத்தார்கள். உண்மையில் நடப்பது என்ன? குரல்நாண்கள் நீண்டு மெலிகின்றன. முழுத் தடிமனும் அதிராமல் விளிம்புகள் மட்டும் அதிர்கின்றன. அதே தொண்டை, அதே மூச்சு. இதில் கள்ளம் எங்கே வந்தது? அமெரிக்கக் கறுப்பின மக்களின் காஸ்பல் என்னும் கிறிஸ்தவப் பக்தி இசையில் கிளாட் ஜீட்டர் போன்றவர்கள், கடவுளிடம் மன்றாடும் உச்சத்தில் இந்தக் குரலுக்குத்தான் ஏறினார்கள். டெட்ராய்டின் எடி கெண்ட்ரிக்ஸும் பிலடெல்பியாவின் வில்லியம் ஹார்ட்டும் காதல் பாட்டில் கைக்கொண்டதும் இதைத்தான். அவர்களையெல்லாம் ஆண்மை குறைந்தவர்கள் என்று சொல்வீர்களா?

‘யூ ஆர் எவ்ரிதிங்’ பாட்டை மறுபடி கேளுங்கள். தெருவில் ஒருவர், தனக்குத் தெரிந்தவள் என்று எண்ணி ஒரு பெண்ணின் பின்னால் ஓடி, அவள் வேறு யாரோ என்று தெரிந்ததும் திரும்பி நடந்ததைத் தாம் பெல்லும் பாடலாசிரியர் லிண்டா க்ரீடும் பார்த்ததிலிருந்து பிறந்த பாட்டு அது. மின்சார சிதாரின் அந்த ரீங்காரத்துக்குப் பின் தாம்ப்கின்ஸ் உள்ளே வரும் இடத்தில் காதைக் கொடுங்கள். கனத்த குரலில் ஒருவர் இதைப் பாடியிருந்தால் உரிமை கேட்டு நிற்கும் காதலன்தான் தெரிந்திருப்பான். இங்கே இருப்பவனோ, நடுத்தெருவில் வேறொருத்தியைக் கூப்பிட்டுவிட்டு, கூசிப்போய், கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நிற்பவன். அந்தக் கூச்சத்தைச் சுமக்க அத்தனை மெல்லிய குரல் வேண்டியிருந்தது.

குப்பை அள்ளுபவர்கள் கூடுதல் கூலி கேட்டு வேலைக்கு வராத ஒரு நாளைச் சொல்லித் தொடங்கும் ‘பீப்பிள் மேக் த வேர்ல்ட் கோ ரவுண்ட்’ பாட்டிலும் இதே குரல்தான். அங்கே அது மன்றாடவில்லை. ஊர் நடப்பைப் பார்த்துக் களைத்துப்போன ஒருவனின் நிதானம் அதில் இருக்கிறது.

உங்களை நோகடிப்பது என் எண்ணமல்ல. கேட்டதை ஒளிக்காமல் எழுதினீர்கள், அது எனக்குப் பிடித்திருந்தது. கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள். அந்த ஒரு சொல் இல்லாமல் எழுதுங்கள்.