கற்பனைக் கதைகளில் உயிர் தரும் இயற்கைத் தெய்வமே ஏன் பழியும் தீர்க்கிறாள்?

கற்பனை உலகக் கதைகளில் வரும் இயற்கைத் தெய்வம் என்பவள், காட்டையும் நீரையும் உயிர்களையும் தன் உடலாகவே கொண்ட ஒரு தாய்; பயிரை முளைக்கச் செய்பவளும், காட்டை அழித்தவனைத் தேடி வந்து பழி தீர்ப்பவளும் அவளே. வெட்டப்படும் ஒவ்வொரு மரமும் அவளுடைய உறுப்பு என்பதால், அவளது சினம் காயம்பட்ட உடலின் வலியிலிருந்தே பிறக்கிறது.

இலங்கையின் வடக்கே வன்னியில் உள்ள இரணைமடுக் குளத்தை நினைத்துப் பாருங்கள். துருசு (மதகு) வழியே அளவாக இறங்கி கிளிநொச்சி வயல்களை விளைவிக்கும் அதே நீர், குளக்கட்டில் எலிவளை அளவு ஓட்டையைக் கவனியாது விட்டால், மாரியில் மண்ணை அரித்துக்கொண்டு ஊருக்குள் புகுந்துவிடும்.

வன்னியில் வளர்ந்த எவருக்கும் இந்த இயற்கைத் தெய்வம் அந்நியமானவள் அல்லள் என்றே கருதுகிறேன். மதுரையை எரித்த கண்ணகியைத்தானே நாம் நந்திக்கடலோரம் வற்றாப்பளையில் அம்மனாக வைத்து, கடல்நீரில் விளக்கெரித்து, வைகாசியில் பொங்கலிட்டு, மழையும் நோயற்ற வாழ்வும் வேண்டி நிற்கிறோம்!

பழி தீர்ப்பதால் அவளைத் தீய தெய்வம் என்று பலர் எண்ணுவது தவறு. சிலப்பதிகாரத்துக் கண்ணகிகூட, பசுவையும் முதியோரையும் குழந்தைகளையும் விட்டுத் தீயோர் பக்கமே சேருமாறுதான் தீக்கடவுளை ஏவினாள்.