எவ்வளவு செய்தால் போதும்?

ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு வயது 34. சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவள். போன வருடம் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் “கிரியைகளில்லாத விசுவாசமும் செத்ததாயிருக்கிறது” (யாக்கோபு 2:26) என்ற வசனத்தை வைத்துப் பிரசங்கித்தார்கள். என் விசுவாசமும் செத்ததுதானோ என்ற பயம் அன்று பிடித்தது. தசமபாகத்துக்கு மேல் காணிக்கை போடுகிறேன். போட்டபின் ‘முழுமனதோடு கொடுக்கவில்லை’ என்று தோன்றுவதால் மறுபடியும் போடுகிறேன். ஜெபத்தில் கவனம் சிதறினால் முதலிலிருந்து தொடங்குவேன். இரவில் ஒன்றரை மணி நேரம் ஆகிவிடுகிறது. திருவிருந்து எடுக்கவே பயமாக இருக்கிறது. ஆயரிடமும் கணவரிடமும் கேட்டால், “கிருபையினாலே இரட்சிக்கப்பட்டீர்கள்” என்கிறார்கள். கொஞ்ச நேரம் நிம்மதி, அப்புறம் பழையபடி. நான் இரட்சிக்கப்பட்டவள்தானா? எவ்வளவு செய்தால் போதும்?

– ஒரு வாசகி, தூத்துக்குடி

அன்புள்ள சகோதரிக்கு,

இரட்சிக்கப்பட்டவள்தானா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. ஆயர் சொன்ன சரியான பதிலே கொஞ்ச நேரம்தான் தாங்கியது. என்னுடையதும் அப்படித்தான் ஆகும். ஒவ்வொரு முறை உறுதி கேட்டு வாங்கும்போதும், ‘உறுதி இல்லாமல் இருக்க முடியாது’ என்று மூளை கற்றுக்கொள்கிறது. சந்தேகம் வளர்வது அதனால்தான்.

நீங்கள் விவரிப்பது ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோயின் சமய வடிவத்தை ஒத்திருக்கிறது. கடிதத்தை வைத்து அதை உறுதிசெய்ய முடியாது. ஆனால் வேண்டாத எண்ணங்களும் அவற்றைத் தணிக்கும் செயல்களும் நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விழுங்கினால் மனநல மருத்துவரைப் பார்ப்பதே சரி. இதற்கும் பக்திக் குறைவுக்கும் சம்பந்தமில்லை. இயேசு சபையைப் பின்னாளில் நிறுவிய இக்னேஷியஸ் லயோலா 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசா ஊரில் இருந்தபோது, அறிக்கையிட்ட பாவங்களையே திரும்பத் திரும்ப அறிக்கையிட்டுத் தவித்தார். நிம்மதி வரும்வரை சாப்பிடுவதில்லை என்று உபவாசம் தொடங்கியவரை, அதை நிறுத்தச் சொன்னவர் அவருடைய ஆன்ம குருவேதான். சீர்திருத்த சபைகளுக்கு வித்திட்ட மார்ட்டின் லூத்தரும் துறவி மடத்தில் மணிக்கணக்காகப் பாவ அறிக்கை செய்தவர்.

உங்களை வதைக்கும் வசனத்துக்குப் பத்து வசனம் முன்னால் போய்ப் பாருங்கள். யாக்கோபு 2:15-16-இல் வருவது உடையும் அன்றாட ஆகாரமும் இல்லாத ஒருவர். அவரை வெறும் வாழ்த்தோடு அனுப்பிவிடுவதைத்தான் யாக்கோபு கண்டிக்கிறார். அங்கே கிரியை தேவையுள்ள ஒருவரைப் போய்ச் சேருகிறது. உங்கள் இரண்டாவது காணிக்கை யாருடைய பசிக்காக? உங்கள் பயத்தைத் தணிக்க என்பதுதான் நேர்மையான பதிலாக இருக்கும். எபேசியர் 2-ஆம் அதிகாரத்திலும் இரட்சிப்பு கிரியைகளினால் உண்டானதல்ல என்று 9-ஆம் வசனம் சொன்ன பிறகே, நற்கிரியைகளுக்காகச் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று 10-ஆம் வசனம் வருகிறது. கிரியை நுழைவுக் கட்டணம் அல்ல. இதையும் ஒரு முறை வாசித்தால் போதும்; பயம் வரும்போதெல்லாம் இந்தப் பதிலைத் திறந்தால் இதுவும் ஒரு சடங்காகிவிடும்.

இதற்கான சிகிச்சையை ஈ.ஆர்.பி. என்பார்கள். பயத்தைக் கிளப்புவதை எதிர்கொண்டு, வழக்கமான பரிகாரத்தைச் செய்யாமல் இருக்கப் பழகுவது அது. முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். எது தூண்டியது, என்ன எண்ணம், என்ன செய்தீர்கள், எத்தனை நிமிடம் என்று மட்டும் நோட்டில் குறியுங்கள். பிறகு ஒவ்வொரு பயத்துக்கும் 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுங்கள். திருவிருந்து 90 என்றால் அதில் தொடங்கக் கூடாது. 30, 40 அளவில் இருப்பதை எடுங்கள். உதாரணமாக, இரவு ஜெபம் பத்து நிமிடம், ஒரே முறை. கவனம் சிதறினாலும் சிதறியபடியே ஆமென் சொல்லிப் படுத்துவிட வேண்டும். பதற்றம் ஏறும். அதை இறக்க எதுவும் செய்யாமல் இருப்பதுதான் பயிற்சி. சில நாள் அது சீக்கிரம் இறங்காது. அதனால் பயிற்சி தோற்றதாக அர்த்தமில்லை. தினமும் செய்து அந்த மதிப்பெண் பாதியானதும் அடுத்த படிக்குப் போகலாம். பாவம் என்று உங்கள் சபை போதிக்கும் எதையும் செய்யச் சொல்வது இந்தச் சிகிச்சையில் கிடையாது.

பெரும்பாலும் சறுக்குவது மறைவான பரிகாரத்தில்தான். வாய்விட்டுச் செய்த ஜெபத்தை நிறுத்திவிட்டு மனதுக்குள் ஸ்தோத்திரம் அடுக்குவது, ஆயருக்குப் பதில் யூடியூப் பிரசங்கத்தில் உறுதி தேடுவது எல்லாம் அதே வேலைதான். காணிக்கையை மாதத் தொடக்கத்தில் முடிவுசெய்து ஒரே முறை கொடுத்துவிடுங்கள். மேற்கொண்டு ஒரு ரூபாய்கூட வேண்டாம். சிகிச்சை முடியும்வரை தனி உபவாசம் வேண்டாம் என்பது என் கருத்து. ஆயரிடம் பேசி முடிவெடுங்கள். நீங்கள் உறுதி கேட்டால் அவரும் கணவரும் சொல்ல வேண்டியது ஒன்றே: “இதற்குப் பதில் சொல்லியாயிற்று.” அன்பு குறைந்ததுபோலத் தோன்றும். அவர்களுக்கும் அப்படிச் சொல்வது கஷ்டம்தான்.

மருத்துவர் செர்ட்ரலின், ஃபுளுவாக்செட்டின் போன்ற மருந்து எழுதக்கூடும். ஓ.சி.டி.க்கு அது வேலை செய்ய 8 முதல் 12 வாரம் பிடிக்கும். மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட அளவும் கூடுதலாக இருக்கலாம். பலர் மூன்றாம் வாரத்திலேயே “பலனில்லை” என்று விட்டுவிடுகிறார்கள், அப்படி நீங்களாக நிறுத்த வேண்டாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. வாழ்வதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே கூப்பிடுங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்த ஒரு வார நோட்டையும் எடுத்துப் போங்கள்.