பட்டப்பகலில், தெளிவான வானில் இரண்டு விமானங்கள் எப்படி மோதும்?

2022 நவம்பர் 12, அமெரிக்காவின் டல்லாஸ் ஏர் ஷோ. இரண்டாம் உலகப் போர்க்காலத்து பி-17 குண்டுவீச்சு விமானத்தின் இடப்பக்கம், இறக்கைக்குச் சற்றுப் பின்னால், பி-63 சண்டை விமானம் ஒன்று மோதியது. பி-17இல் ஐவர், பி-63இல் ஒருவர் என ஆறு பேரும் இறந்தார்கள்.

இங்கே புரிந்துகொள்ள வேண்டிய சொல் 'உயரப் பிரிப்பு'. ஒரு விமானக் குழு இந்த உயரம், மற்றது அந்த உயரம் என்று கிளம்பும் முன்பே பேசி முடிப்பது. அன்று அந்தப் பேச்சே நடக்கவில்லை. குண்டுவீச்சு விமானங்களுக்கு முன்னால் போய், பார்வையாளர் கூட்டத்திலிருந்து 500 அடி தள்ளியுள்ள கோட்டுக்கு வரும்படி சண்டை விமானங்களுக்கு ரேடியோவில் உத்தரவு. குண்டுவீச்சு விமானங்களுக்கு 1,000 அடிக் கோடு. ஒன்றின் பாதையை மற்றது கடந்தே ஆக வேண்டும். மீதி, விமானியின் கண் பாடு!

கண் எவ்வளவு உதவும்? கார் திருப்பும்போது கண்ணாடி ஓரத் தூணுக்குப் பின்னால் ஒரு பைக்கே மறைந்துவிடும். சாய்ந்து திரும்பும் விமானத்தில் மூக்கும் இறக்கையும் அதைவிடப் பெரிய தூண்கள். முன்னால் போகும் கூட்டாளியையும் கவனிக்க வேண்டும்.

“பழைய விமானம், எஞ்சின் கைவிட்டிருக்கும்” என்பார்கள். விசாரணை அறிக்கை காரணமாகச் சொன்னது முன்திட்டம் இல்லாததைத்தான்.